நொடியை அறுபதாக உடைத்தவர்

முதல் வருஷ பிசிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கிறதா? டார்ஷன் பெண்டுலம். மேலே ஒரு பிடி, நடுவில் மெல்லிய கம்பி, கீழே தொங்கும் வட்டத் தட்டு. தட்டை லேசாகத் திருப்பி விட்டுவிட்டு, கையில் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு பத்து அலைவுகளை எண்ணியிருப்பீர்கள். நடுவில் பக்கத்து டேபிள் நண்பன் ஏதாவது கேட்டிருப்பான், எண்ணிக்கை குழம்பியிருக்கும். ஆறா, ஏழா? சரி, ரீசெட் அழுத்து, மறுபடி ஆரம்பி.

அந்த மூன்று வேலைகளை நாம் யாரும் பெரிதாக நினைத்ததே இல்லை. ஒரு அழுத்து, ஓட ஆரம்பிக்கும். இன்னொரு அழுத்து, நிற்கும். இன்னொன்று, பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். இன்றைக்கு நம் எல்லோருடைய போனிலும் இருக்கும் சமாச்சாரம். இதை முதன்முதலில் ஒரு கருவியாகச் செய்து முடித்தவர் யார் என்று கேட்டால், 2012 வரைக்கும் உலகம் தப்பான பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. சரியான பதில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சரியான பதிலின் பெயர் லூயி முவானே. பிரான்ஸ்காரர். அவர் பெயரில் இன்று ஸ்விட்சர்லாந்தில் ஒரு சொகுசு வாட்ச் கம்பெனி நடக்கிறது. நம் பட்ஜெட்டுக்கு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது, விடுங்கள். ஆனால் அந்த மனிதரின் கதை நமக்கு வேண்டிய கதை. வாங்க, ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

ஓவியம் படிக்கப் போன பையன்

முவானே 1768-ல் பிரான்ஸின் நடுப்பகுதியில் இருக்கும் பூர்ஷ் நகரில் பிறந்தார். வசதியான விவசாயக் குடும்பம். படிப்பில் கெட்டிக்காரர். பள்ளி விடுமுறை வந்தால் ஊரில் ஒரு கடிகாரக்காரரின் பட்டறையில் போய் உட்கார்ந்துகொள்வார். இன்னொரு பக்கம் ஓவியமும் கற்றுக்கொண்டார். இரண்டில் ஓவியம்தான் முதலில் ஜெயித்தது.

இருபது வயதில் ரோமாபுரிக்குக் கிளம்பிவிட்டார். கட்டடக்கலை, சிற்பம், ஓவியம் என்று ஐந்து வருஷம் அங்கேயே. அவர் ரோமில் இருந்த நேரத்தில்தான் பாரீஸில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸ் போய் கல்லில் நுண்ணிய வேலைப்பாடு செய்யக் கற்றார். பிறகு பாரீஸ் திரும்பி, லூவரில் நுண்கலைப் பேராசிரியர் ஆனார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கையில் பேராசிரியர் வேலை. இத்தாலியில் படித்த பெருமை. எந்த அப்பா அம்மாவைக் கேட்டாலும் இதுக்கு மேல என்னடா வேணும் என்றுதான் சொல்வார்கள். ஆனால் சின்ன வயதில் பட்டறையில் கேட்ட டிக் டிக் சத்தம் அவரை விடவில்லை. கடிகாரவியலைக் கோட்பாட்டோடு சேர்த்து முறையாகப் படிக்க உட்கார்ந்தார். கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன ஸ்விட்சர்லாந்தின் ஜூ பள்ளத்தாக்கில் போய்த் தங்கி, கருவிகளையும் செய்முறைகளையும் நேரில் பார்த்துக் கற்றார்.

அந்தக் காலத்தில் கடிகாரத் துறையின் சூப்பர்ஸ்டார் ஆப்ரகாம்-லூயி ப்ரெகே. 1801-ல் டூர்பியோன் என்ற அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியவர். புவியீர்ப்பால் பாக்கெட் கடிகாரத்தில் வரும் பிழையைச் சரிக்கட்டும் அமைப்பு அது. முவானே இந்த ப்ரெகேக்கு நெருங்கிய நண்பராகவும் ஆலோசகராகவும் ஆனார். இன்னொரு பக்கம், வெண்கலச் சிற்பி தோமீருடன் சேர்ந்து பெரிய மனிதர்களுக்கு அலங்காரக் கடிகாரங்கள் செய்தார். அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் மன்றோ வெள்ளை மாளிகைக்கு வாங்கிப்போட்டவற்றில் இவர்கள் செய்த கடிகாரமும் ஒன்று. அழகு தோமீருடையது, உள்ளே ஓடும் இயந்திரம் முவானேயுடையது. கலையும் தெரியும், இயந்திரமும் தெரியும் என்ற ஆள் எந்தக் காலத்திலும் அபூர்வம்தானே.

0.8 நொடிக்காகப் போன வேலை

இப்போது கதை வானத்துக்குப் போகிறது. கடிகாரக்காரருக்கு வானத்தில் என்ன வேலை?

முவானேக்கு வானியல் பைத்தியம் உண்டு. தொலைநோக்கி வைத்துக்கொண்டு நட்சத்திரங்கள், கோள்கள், அவற்றின் நிலவுகள் நகர்வதைக் கவனிப்பார். ஸ்பெக்ட்ரோமீட்டர் எக்ஸ்பெரிமென்ட்டில் கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் ஒரு குறுக்குக் கம்பி தெரியுமே, அதே மாதிரி தொலைநோக்கியிலும் மெல்லிய கம்பிகள் இருக்கும். ஒரு நட்சத்திரம் முதல் கம்பியைத் தொடும் நேரத்தையும் அடுத்த கம்பியைத் தொடும் நேரத்தையும் குறிக்க வேண்டும். பூமி சுற்றும் வேகம் நமக்குத் தெரியும் என்பதால், நேரம் கிடைத்தால் கோணம் கிடைத்துவிடும்.

ஆனால் நேரத்தை எப்படிக் குறிப்பது? அன்றைய வானியலாளர்கள் கையாண்ட முறையைக் கேட்டால் சிரிப்பு வரும். பக்கத்தில் ஒரு ஊசல் கடிகாரம் நொடிக்கு ஒரு டிக் போடும். கண் நட்சத்திரத்தில், காது டிக் சத்தத்தில். இரண்டு டிக்குகளுக்கு நடுவே நட்சத்திரம் கம்பியைத் தாண்டினால், அது பத்தில் எத்தனை பங்கு என்று மனசுக்குள்ளேயே மதிப்புப் போட்டு எழுத வேண்டும்.

இந்த முறையில் ஒரு மனிதரின் வாழ்க்கையே புரண்டது. 1796-ல் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் கின்னெப்ருக் என்ற உதவியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் செய்த குற்றம், தலைமை வானியலாளர் மாஸ்கெலின் குறித்த நேரத்தைவிட அவர் குறித்த நேரம் சுமார் 0.8 நொடி தாமதமாக இருந்தது. அவ்வளவுதான். ஒவ்வொரு மனிதரும் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு வேறு, அது சோம்பேறித்தனம் இல்லை என்பதை, சில பத்தாண்டுகள் கழித்து ஜெர்மனியின் பெசல் இந்தச் சம்பவத்தைக் கிளறிப் பார்த்த பிறகுதான் வானியல் உலகம் புரிந்துகொண்டது.

ஒரு நொடிக்குள்ளே இருப்பதை மனசால் ஊகிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. முவானே யோசித்த தீர்வு நேரடியானது. ஊகிக்க வேண்டாம், இயந்திரமே நொடியை உடைத்துக் காட்டட்டும்.

எத்தனை துண்டாக உடைப்பது? புரட்சிக் காலத்தில் பிரான்ஸ் ஒரு விநோத முயற்சி செய்தது. ஒரு நாளுக்கு 10 மணி, ஒரு மணிக்கு 100 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 100 நொடி என்று நேரத்தையே தசமமாக மாற்றிச் சட்டம் போட்டது. மக்கள் ஒத்துழைக்கவில்லை, 1795-ல் அதைக் கைவிட்டார்கள். மீட்டரும் கிலோகிராமும் பிழைத்தன, தசம மணி பிழைக்கவில்லை. முவானே பழைய அறுபதையே எடுத்துக்கொண்டார். மணியை அறுபதாக வெட்டினால் நிமிடம். அதை அறுபதாக வெட்டினால் நொடி. அந்த நொடியையும் அறுபதாக வெட்டினால் வருவதற்குப் பிரெஞ்சில் தியர்ஸ் என்று பெயர், அதாவது மூன்றாவது வெட்டு. காகிதத்தில் மட்டும் இருந்த அந்த அளவைக் கண்ணால் பார்க்கும்படி செய்வதுதான் அவர் திட்டம்.

வானம் ஒரு நொடிக்குச் சுமார் 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு. நொடியில் அறுபதில் ஒரு பங்கை அளக்க முடிந்தால், வானத்தில் கால் ஆர்க்செகண்ட் வரை இறங்கிவிடலாம். ஆசை பெரிதுதான்.

நீங்கள் கேட்கலாம்: பொத்தானை அழுத்தும் விரலே 0.2 நொடி தாமதமாகத்தானே வேலை செய்யும், அப்புறம் அறுபதில் ஒரு பங்கு எதற்கு என்று. நல்ல கேள்வி, வைவாவில் கேட்கக்கூடிய கேள்வி. ஆரம்பிக்கும்போதும் தாமதம், நிறுத்தும்போதும் தாமதம். கழித்துப் பார்த்தால் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். மிஞ்சுவது இரண்டு தாமதங்களுக்கும் உள்ள சின்ன வித்தியாசம்தான். அதையும் பலமுறை அளந்து சராசரி எடுத்துக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் கருவியே அரை நொடிக்குக் கீழே பிரித்துக் காட்டாவிட்டால் சராசரி எடுத்தும் பெரிய பிரயோஜனம் இல்லை.

நொடிக்கு அறுபது டிக்

முவானே 1815-ல் பாரீஸுக்கு வந்தார். இந்தக் கருவியைச் செய்வது ஒன்றுதான் அப்போது தன் நோக்கம் என்று 1823-ல் அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குறிப்பைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1816-ல் கருவி தயார். அதற்கு அவர் வைத்த பெயர் கோம்ப்தர் த தியர்ஸ். தமிழில் சொன்னால், அறுபதில் ஒரு நொடியை எண்ணும் கருவி.

பார்ப்பதற்கு ஒரு பாக்கெட் கடிகாரம் மாதிரி, உள்ளங்கையில் அடங்கும். நடுவில் இருக்கும் பெரிய முள் ஒரு நொடியில் ஒரு முழுச் சுற்று சுற்றும். நம் வாட்சில் நொடி முள் ஒரு நிமிடம் எடுத்துச் சுற்றும் சுற்றை இது ஒரே நொடியில் முடித்துவிடும். சுற்றிலும் 60 கோடுகள். முள் நின்ற கோடுதான் விடை. மேலே சின்னச் சின்ன டயல்களில் நொடி, நிமிடம், மணி. பொத்தானை அழுத்தினால் ஓடும், நிற்கும், பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். நம் லேபில் செய்த அதே மூன்று வேலைகள்.

இதில் உள்ள எஞ்சினியரிங் என்னவென்று பார்ப்போம். இயந்திரக் கடிகாரத்துக்குள்ளே துடிப்பது ஒரு பேலன்ஸ் வீலும் ஒரு ஹேர்ஸ்பிரிங்கும். சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும், சுருள்வில் அதைத் திருப்பி இழுக்கும். யோசித்துப் பார்த்தால் இது நம்ம டார்ஷன் பெண்டுலமேதான். தொங்கும் கம்பிக்குப் பதில் சுருள்வில், அவ்வளவுதான் வித்தியாசம். ரெக்கார்டு நோட்டில் எழுதிய சூத்திரமே இங்கேயும் செல்லும்: அதிர்வெண் வேண்டுமென்றால், வில்லின் விறைப்பைச் சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து இரண்டு பையால் வகுக்க வேண்டும்.

சாதாரணக் கடிகாரம் ஒன்று மணிக்கு 18,000 டிக் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 5 டிக், அதாவது 2.5 ஹெர்ட்ஸ். முவானேக்கு வேண்டியது நொடிக்கு 60 டிக், அதாவது 30 ஹெர்ட்ஸ். மணிக்கு 2,16,000 டிக். அதிர்வெண் 12 மடங்கு. வர்க்கமூலம் இருப்பதால் விறைப்புக்கும் திருப்புத்திறனுக்கும் உள்ள விகிதம் 144 மடங்கு ஏற வேண்டும். வில்லை விறைப்பாக்க வேண்டும், சக்கரத்தை லேசாக்க வேண்டும், அப்படியும் அது துல்லியமாகத் துடிக்க வேண்டும். அந்த வேகத்தில் ஒவ்வொரு பல்லும் நொடிக்கு நொடி அடி வாங்கும். தேய்மானம், உராய்வு, எண்ணெய் சிதறுவது எல்லாம் சேர்ந்து வரும். லேசர் இல்லை, சிஎன்சி இல்லை, மின்சாரம்கூட இல்லை. விளக்கு, பூதக்கண்ணாடி, அரம், கடைசல் பட்டறை. ஒரு நாள் முழுக்க ஓடினால் அந்தச் சக்கரம் 51,84,000 முறை டிக் போட்டிருக்கும்.

இதைச் செய்து முடித்தபோது முவானேக்கு வயது 48.

குதிரைப் பந்தயமும் மைத்துளியும்

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையின் திருப்பம். முவானே தன் கருவியைத் தன் வானியல் வேலைக்குப் பயன்படுத்தினார். தொலைநோக்கி, கம்பிகள், நட்சத்திரம், குறிப்பு. ஊர் முழுக்கக் கூட்டிக் காட்டவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, 1821 செப்டம்பர் 1. பாரீஸின் ஷான் த மார்ஸ் மைதானத்தில் குதிரைப் பந்தயம். நிக்கோலா ரியுசெக் என்ற கடிகாரக்காரர் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே சுழலும் டயல், அதன் மேல் மை நிரப்பிய ஒரு முனை. ஒவ்வொரு குதிரை எல்லைக்கோட்டைத் தாண்டும்போதும் பொத்தானை அழுத்தினால் டயலில் ஒரு மைத்துளி விழும். பந்தயம் முடிந்ததும் புள்ளிகளைப் படித்து யார் எத்தனை நொடியில் வந்தார்கள் என்று சொல்லிவிடலாம். கூட்டம் பார்த்தது, அறிஞர்கள் பார்த்தார்கள், அடுத்த ஆண்டே காப்புரிமையும் கிடைத்தது. நேரத்தை எழுதிக் காட்டுவதால் கருவிக்கு கிரேக்கச் சொற்களிலிருந்து க்ரோனோகிராஃப் என்று பெயர் வந்தது. க்ரோனோஸ் என்றால் நேரம், கிராஃபோ என்றால் எழுதுகிறேன். இன்றும் எல்லா ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள வாட்சுக்கும் அந்தப் பெயர்தான்.

ரியுசெக் திருடினார் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய கருவி முற்றிலும் வேறு யோசனை. மையால் எழுதும் கருவி என்ற பெருமை அவருக்கே உரியது. ஆனால் காலத்தை ஓடவிட்டு, நிறுத்தி, பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரும் கருவி அதற்கு ஐந்து வருஷம் முன்பே பாரீஸில் ஒருவர் மேஜையில் இருந்தது. அது உலகத்துக்குத் தெரியவில்லை.

அப்புறம் வரலாறு தன் வழியில் போனது. பூஜ்ஜியத்துக்குத் திரும்பும் வசதியை ஒரு சின்ன இதய வடிவத் துண்டால் செய்யலாம் என்று 1844-ல் அடோல்ஃப் நிக்கோல் காப்புரிமை வாங்கினார். இதயத்தை எந்த நிலையில் வைத்தாலும், மேலே ஒரு சுத்தியல் வந்து அழுத்தினால் அது வழுக்கிக்கொண்டு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். அதோடு இணைந்த முள்ளும் பூஜ்ஜியத்தில் நிற்கும். செம ஐடியா. அந்த வசதியுள்ள க்ரோனோகிராஃப் 1862-ல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்தது. பூஜ்ஜியத்துக்குத் திரும்பும் வசதியின் கதை அங்கேதான் தொடங்குகிறது என்று புத்தகங்கள் எழுதின. உயர் அதிர்வெண் என்றால் 1916-ல் வந்த ஹோயர் கம்பெனியின் மிக்ரோகிராஃப், நொடியில் நூறில் ஒரு பங்கை அளந்தது என்று எழுதின. எழுதியவர்கள் நேர்மையானவர்கள்தான். தங்களுக்குத் தெரிந்ததை எழுதினார்கள்.

முவானே என்ன செய்தார்? 1823-ல் நண்பர் ப்ரெகே இறந்தார். முவானே பாரீஸின் கடிகாரவியல் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். ஆனால் அவருடைய பெரும் உழைப்பு போனது ஒரு புத்தகத்தில். ஏறக்குறைய இருபது வருஷம் உட்கார்ந்து கடிகாரவியல் முழுவதையும், கோட்பாடு ஒரு பக்கம் செய்முறை ஒரு பக்கம் என்று, படங்களோடு எழுதினார். 1848-ல் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. அந்த ஆண்டில் பாரீஸில் இன்னொரு புரட்சி நடந்து ராஜா ஓடிப்போயிருந்தார். அந்தக் களேபரத்தின் நடுவில் எண்பது வயதுக் கிழவர் ஒருவர், பட்டறைப் பையன்கள் ஒளித்து ஒளித்துக் கற்றுக்கொண்டிருந்த விஷயங்களை அச்சில் போட்டுத் திறந்துவிட்டார். தொழில் ரகசியம் என்று பெட்டிக்குள் பூட்டி வைப்பதே வழக்கமாக இருந்த ஒரு துறையில் இது சின்ன காரியமில்லை. அடுத்த தலைமுறைக் கடிகாரக்காரர்களுக்கு அது பாடப்புத்தகம் ஆனது.

1853-ல் பாரீஸில் முவானே இறந்தார். வயது 85. அதன் பிறகு அவர் பெயர் மெல்ல மெல்லத் தேய்ந்து போனது. ப்ரெகேயின் பெயர் கம்பெனியாக நின்றது. ரியுசெக் பெயர் காப்புரிமையில் நின்றது. முவானே பெயர் பழைய புத்தகக் கடைகளில் நின்றது.

ஏலத்தில் வந்த சாட்சி

2004-ல் ஜான்-மாரி ஷாலெர் என்பவர் ஸ்விட்சர்லாந்தின் நியூஷாடெல் ஏரிக்கரையில் இருக்கும் சான்-பிளேஸ் ஊரில், முவானேயின் பெயரிலேயே ஒரு வாட்ச் பட்டறை தொடங்கினார். பழைய பெயர்களைத் தூசி தட்டி எடுத்து வாட்ச் விற்பது அந்தத் தொழிலில் புதிதல்ல. ரியுசெக் பெயரிலும் மான்ட்பிளாங் கம்பெனி 2008-ல் ஒரு க்ரோனோகிராஃப் வெளியிட்டது. மை இல்லாவிட்டாலும் சுழலும் டயல்கள் உண்டு.

2012 மே மாதம் ஜெனீவாவில் ஒரு ஏலம். பட்டியலில் முவானே பெயர் பொறித்த ஒரு பழைய கருவி. ஷாலெர் அதை வாங்கினார். வல்லுநர்கள் பிரித்துப் பார்த்தபோது ஆச்சரியம் ஒவ்வொன்றாக வந்தது. நொடிக்கு ஒரு சுற்று சுற்றும் முள். மணிக்கு 2,16,000 டிக். பூஜ்ஜியத்துக்குத் திரும்பும் வசதி. செய்தவரின் கையெழுத்து. கூட்டில் வெள்ளி முத்திரை, அது காட்டும் காலம். எல்லாம் 1815-ல் தொடங்கி 1816-ல் முடிந்தது என்று சொன்னன. 1823-ல் முவானே எழுதி வைத்த குறிப்பு என்று முன்னால் சொன்னேன் இல்லையா? அதில் அவர் சொன்னதும் கையில் இருந்த கருவியும் பொருந்தின.

2013 மார்ச்சில் விஷயம் வெளி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. க்ரோனோகிராஃபின் பிறந்த வருஷம் 1821-லிருந்து 1816-க்கு நகர்ந்தது. பூஜ்ஜியத்துக்குத் திரும்பும் வசதியின் கதை கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு பின்னால் போனது. உயர் அதிர்வெண் சரியாக நூறு வருஷம் பின்னால் போனது. கின்னஸ் அமைப்பும் முதல் க்ரோனோகிராஃப் முவானேயுடையது என்று சான்றிதழ் கொடுத்தது. ஒரு சின்ன வெள்ளிக் கூடு, மூன்று அத்தியாயங்களைத் திருத்தி எழுத வைத்துவிட்டது.

இந்தக் கண்டுபிடிப்பைக் கொண்டாடத்தான் மெமோரிஸ் என்ற கைக்கடிகாரம் வந்தது. வழக்கமான க்ரோனோகிராஃப் வாட்சில் அந்த இயந்திரம் டயலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மெமோரிஸில் அதை அப்படியே முன்பக்கம் தூக்கி வைத்துவிட்டார்கள். பொத்தானை அழுத்தினால் நெம்புகோல்கள் நகர்வது, சக்கரம் சக்கரத்தைப் பிடிப்பது எல்லாம் கண்ணுக்கு நேராக நடக்கும். மணி காட்டும் டயல் சின்னதாக ஒரு ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டது. நேரம் காட்டுவது இரண்டாவது வேலை, அளப்பதுதான் முதல் வேலை என்று சொல்லும் வடிவமைப்பு. பார்க்க அழகுதான்.

ஆனால் ஒரு கணக்கை மட்டும் பார்த்துவிடுங்கள். மெமோரிஸ் மணிக்கு 28,800 டிக் போடுகிறது. இன்றைய நல்ல இயந்திர வாட்சுகளில் பெரும்பாலானவை அந்த அளவுதான். 1816-ல் விளக்கு வெளிச்சத்தில் செய்த மூலக் கருவி அதைப்போல ஏழரை மடங்கு வேகம். இதில் மெமோரிஸைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தினமும் கையில் கட்டி வருஷக்கணக்கில் ஓட வேண்டிய வாட்சுக்கு அவ்வளவு அதிர்வெண் தேவையில்லை, தேய்ந்துவிடும். தேவை வேறு, அதனால் வடிவமைப்பு வேறு. முவானேக்கு இருந்த தேவை ஒரு நட்சத்திரம். அந்தத் தேவைதான் அவரை 30 ஹெர்ட்ஸ் வரை தள்ளிக்கொண்டு போனது. ஷோகேஸில் வைக்கச் செய்திருந்தால் அவரும் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி நம்ம விஷயத்துக்கு வருவோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வருகிறது. நம்மில் பலர் தலைப்பைத் தேடும்போது, எது புதுசாத் தெரியும், எது ரெஸ்யூமேவில் நன்றாக இருக்கும் என்றுதான் தேடுகிறோம். முவானே தேடியது தன் வேலைக்கு எந்தக் கருவி இல்லை என்பதை. அப்படி உண்மையான தேவையிலிருந்து கிளம்பியதால்தான், அவர் செய்தது காலத்தைவிட நூறு வருஷம் முன்னால் போய் நின்றது.

இன்னொன்று. அவருக்கு 160 வருஷம் பெயர் கிடைக்கவில்லை. அது வருத்தம்தான். இருந்தாலும் கடைசியில் நியாயம் கிடைத்ததே, அது எப்படி? யாரும் அவருக்காக வாதாடவில்லை. வாதாட அவருக்குத் தெரிந்தவர்கள் யாரும் உயிரோடும் இல்லை. சாட்சி சொன்னவை மூன்று: கருவியில் அவர் போட்ட கையெழுத்து, கூட்டில் இருந்த முத்திரை, அவர் எழுதி வைத்த ஒரு குறிப்பு. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும், அது யாரோ பின்னால் செய்த நகல் என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம்.

நாம் ராத்திரி இரண்டு மணிக்கு ஹாஸ்டலில் உட்கார்ந்து ஒரு சர்க்யூட்டை ஓட வைப்போம். ஓடிய சந்தோஷத்தில் எதையும் எழுதாமல் தூங்கிவிடுவோம். அடுத்த வாரம் எந்த ரெசிஸ்டரை மாற்றியதால் ஓடியது என்று நமக்கே தெரியாது. ஜூனியர் வந்து கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. லேபில் ரெக்கார்டு நோட்டு எழுதச் சொன்னால் போன வருஷ நோட்டை வாங்கிக் காப்பி அடிப்போம், அதில் இருக்கும் தேதியோடு சேர்த்து. சிரிக்காதீர்கள், நானும் செய்திருக்கிறேன்.

அடுத்த முறை டார்ஷன் பெண்டுலத்துக்கு ஸ்டாப்வாட்சை அழுத்தும்போது, பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஓவியரை ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள். அறுபதில் ஒரு பங்கு நொடி போதும். அப்புறம் அளந்ததை அளந்தபடியே எழுதுங்கள், தேதி போடுங்கள், கீழே உங்கள் பெயரை எழுதுங்கள்.